கருத்த அட்டியல்

பாம்பனில் சந்தியாகுவைச் சந்தியாகு என்று கூப்பிடுகிறவர் கிடையாது. சந்தேகு என்றுதான் சொல்வார்கள். பிரசங்கத்தில் சாமியார் தன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், யார் போய் என்ன வத்தி வைத்தது என்று கோயில் வாசலிலேயே விசாரணையை ஆரம்பித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுசன் ஒருநாள் ஒரு மூட்டை நெத்திலிக் கருவாட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார்.

"என்னங்க இது?" என்றாள் ஜோதிமேரி.

"ராணி நகை. கொட்டகை சாஞ்சு போன நாடகக் கம்பெனிக்காரன் குடுத்தான்."

அவள் பெட்டியைத் திறந்தாள். கல் விழுந்த நெற்றிச்சுட்டி, கொக்கி போன ஒட்டியாணம், பாதி முலாம் உரிந்த காசுமாலை. எல்லாம் கில்ட்டு.

"கருவாடாச்சும் கொழம்புக்கு ஆகும். இது எதுக்கு ஆகும்?"

"கல்லு பதிச்சு, ஒடஞ்சதப் பத்தவச்சு, முலாம் பூசினா கச்சத்தீவுத் திருவிழாவுல பறக்கும். அக்கரைச் சனம் அள்ளிக்கிட்டுப் போவும்."

"முலாம் பூசக் கைமுதல்?"

சந்தியாகு தொண்டையைச் செருமினார். "ஒங்க அம்மா போட்ட அட்டியல் எங்கன இருக்கு?"

அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டாள் ஜோதிமேரி. அவளுடைய வளையல் இவருடைய சங்கு வியாபாரத்தில் உடைந்தது. சங்கிலி ஐஸ் வியாபாரத்தில் கரைந்தது. மிச்சம் அந்த அட்டியல் ஒன்றுதான். ஈஸ்டர் கழிந்ததும் மகள் சகாயத்துக்குப் பரிசம் போட வருகிறார்கள். வெறுங்கழுத்தோடு பெண்ணை நிறுத்தினால் வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

"மண்டபத்துல எங்க அக்காகிட்ட இருக்கு."

சந்தியாகு நம்பவில்லை. மண்டபத்து அக்காவிடம் அரிசி புடைக்க ஒரு சொளவைக் கொடுத்தாலே திரும்பி வராது, இவளா அட்டியலைக் கொடுப்பாள்? வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார். அரிசிப்பானைக்குள் கைவிட்டார். உப்புச்சாடியைக் கவிழ்த்தார். மாதா படத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதன் பின்னாலும் தடவிப் பார்த்தார். கரப்பான்பூச்சிதான் கிடைத்தது. ஜோதிமேரி மீனை ஆய்ந்துகொண்டே, "வலை மடியைப் பிரிச்சுப் பாத்தீகளா? அதுக்குள்ள ஏதும் சிக்கியிருக்கும்" என்றாள். அதையும் பிரித்துப் பார்த்தார்.

தேடி ஓய்ந்து உட்கார்ந்தவரிடம் அவள் சொன்னாள்: "அந்தப் பெட்டியச் செப்பம் பண்ணுறது வீண்வேலை. பித்தளைக்காரன் வந்தா போட்டுருங்க."

சந்தியாகுவின் காது நிமிர்ந்தது. இவள் ஏன் பெட்டியைத் தள்ளிவிடுவதிலேயே குறியாக இருக்கிறாள்? அப்படியென்றால் உள்ளே அசல் தங்கம் ஏதோ இருக்கிறது, இவள் கண்டுவிட்டாள், பித்தளைக்காரனோடு கூட்டு. பெட்டியைக் கொட்டி, மினுக்குகிறதை எல்லாம் ஒரு துணியில் முடிந்தார். அடியில் கன்னங்கரேலென்று பிசுபிசுத்துக் கிடந்த ஓர் அட்டியலைத் தூக்கி மோந்து பார்த்து, "சீ" என்று திரும்பப் பெட்டிக்குள்ளே எறிந்தார்.

நகை ஆசாரி முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக உரைகல்லில் உரசினார். உரச உரச அவர் முகத்தில் சிரிப்பு ஏறியது.

"அய்யா, எல்லாம் பல்லிளிக்குது. பத்தவைக்கிற கூலிக்குக்கூட இது தேறாது. கழுத்துல போட்டு ஒரு தரம் வேர்த்தா பச்சையாப் பூத்துரும். அக்கரையில இத வித்தீகன்னா, வார வருசம் தோணியத் திருப்பிவிட்டுருவாக."

சந்தியாகு முடிச்சோடு திரும்பி வந்தார். வாசலில் குரல் கேட்டது: ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம். முடிச்சைத் தராசில் கொட்டிவிட்டு, வீட்டுக்குள் கிடந்த பெட்டியையும் கவிழ்க்கப் போனார்.

ஜோதிமேரி அடுப்பை விட்டு ஓடிவந்தாள். வாசல்படியில் நின்று முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "போடுங்க, போடுங்க. அந்தக் கருத்த அட்டியலையும் மறக்காமப் போடுங்க. ஒரு கை பழம் கூட வரும்."

சந்தியாகுவின் கை நின்றது. "ஓகோ. பேரீச்சம்பழ ஆசையா? அதான் அன்னைக்கிருந்தே பித்தளைக்காரன், பித்தளைக்காரன்னு செபம் சொன்னியா?"

"ஆமா, வாய்க்கு ருசியாத் தின்னு எம்புட்டு நாளாச்சு."

"ஒன் வாய்க்குன்னு நான் எதையும் போடமாட்டேன் புள்ள. இந்தா, இத நீயே வச்சுக்க. ஒம் மக கழுத்துல கட்டி அழகு பாரு." அட்டியல் அவள் காலடியில் வந்து விழுந்தது.

"எனக்கு எதுக்குங்க? நாளைக்குத் திருப்பிக் கேப்பீக. அப்புறம் வீடு ரெண்டாகும்."

"கேக்கமாட்டேன்."

"ஒங்க வாய நம்ப முடியாது."

"அந்தோணியார் மேல ஆணை. இந்தப் பீடைய ஆயுசுக்கும் கேக்கமாட்டேன். போதுமா?"

பாம்பனில் தோணியை நம்பாதவன் உண்டு, காற்றை நம்பாதவன் உண்டு. அந்தோணியார் மேல் போட்ட ஆணையை மீறிக் கடலுக்குப் போனவன் கிடையாது. ஜோதிமேரி முனகிக்கொண்டே அட்டியலை எடுத்து முந்தானையில் முடிந்தாள். சந்தியாகு பேரீச்சம்பழத்தை ஒன்றுவிடாமல் தானே தின்று தீர்த்தார். பெண்டாட்டியை ஜெயித்த ருசி அதில் இருந்தது.

பரிசத்தன்று சகாயம் வந்து நின்றாள். கழுத்தில் அட்டியல் தகதகவென்று மின்னியது. மாப்பிள்ளையின் தாயார் அதைக் கையில் ஏந்திப் பார்த்து, "நல்ல கனம்" என்றாள்.

சந்தியாகு வானத்தையும் மகள் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பங்குனி வெயில். பெண்ணுக்கு வேறு வேர்த்துக்கொண்டிருந்தது. மனைவியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏ புள்ள, நான் எறிஞ்ச கில்ட்டைப் புளி போட்டு வெளக்கிச் சம்பந்திய ஏமாத்துறியா? இப்பப் பல்லிளிச்சுருமே. மானம் போயிருமே."

"இளிக்காதுங்க."

"எப்படி இளிக்காது?"

"கழுத்துல கெடக்குறது எங்க அம்மா போட்டது. கரியும் வெளக்கெண்ணெயும் பூசி ஒங்க பெட்டிக்குள்ள நான் போட்டது. ஆணை மட்டுந்தான் நீங்க போட்டது."

வெளியே இருந்து சம்பந்தியம்மாள் எட்டிப் பார்த்து, "அசல் பொன்னுன்னா பொன்னுதான். மக மேல ஒங்களுக்கு இம்புட்டுப் பாசமா அண்ணே?" என்று கேட்டாள்.

அட்டியல் இளிக்கவில்லை. சந்தியாகுதான் இளித்தார்.