தேன் தொட்ட மோதிரம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை ஒப்புக்கொள்ள ஒரு கல்யாண மோதிரமும் மூன்று நாள் நரகமும் தேவைப்பட்டன.

மகள் நீலாவுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, காத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காத்திருப்பதா? சாலைக் கடைத்தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் "மோள் இன்னும் பேசலியா?" என்று கேட்டுக் கேட்டு, நான் சுற்று வழியில் நடக்க ஆரம்பித்திருந்தேன்.

விஜயதசமியன்று இந்த மலையாள ஊரில் குழந்தையை மடியில் வைத்து, நாக்கில் தங்க மோதிரத்தால் எழுத்து எழுதுவார்கள். எழுதினால் பேச்சு வந்துவிடும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். கழக்கூட்டத்தில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். சோதித்துப் பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை. ஆகவே முந்தின நாளே வீட்டில் ஒத்திகை வைத்தேன். மனைவி வள்ளி குளிக்கப் போயிருந்தாள். மோதிரத்தைக் கழற்றித் தேனில் தோய்த்தேன். (தேன் என் சொந்தச் சேர்க்கை. குழந்தை வாய் திறக்க வேண்டாமா?) திறந்தாள். மோதிரம் என் விரலிலிருந்து வழுக்கியது. அதை விழுங்கிவிட்டு, இன்னொன்றுக்காக மறுபடியும் வாயைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தச் சின்ன வயிற்றுக்குள் என் கல்யாணம் வெள்ளையாக, வட்டமாகத் தெரிந்தது. "பேடிக்கண்டா, தன்னே வரும்," என்றார் டாக்டர். (பயப்பட வேண்டாமாம், தானே வருமாம். அவர் மகளா என்ன?) மூன்று நாளில் வராவிட்டால் மறுபடி எக்ஸ்ரே. வயிறு வலித்தால் உடனே ஓடி வர வேண்டும்.

வீட்டு வாசலில் வைத்து வள்ளி சொன்னாள். "பிள்ளைக்கு வல்லதும் ஆச்சுன்னு வச்சா, பின்ன நீங்க என் மூஞ்சில முழிக்கப்பிடாது."

அடுத்த மூன்று நாளும் ஒவ்வொரு டயப்பரையும் கையுறை மாட்டி, ஐஸ் குச்சியால் கிளறினேன். அடுக்களையிலிருந்து வள்ளி "வந்தாச்சா?" என்பாள். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று "வந்தாச்சா?" என்பார். வரவில்லை. ராப்பகலாக நீலாவின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இவள் ஆயுசுக்கும் பேசவே வேண்டாம், இது மட்டும் வந்தால் போதும் என்று கடவுளிடம் கெஞ்சினேன். நிஜமாகத்தான் கெஞ்சினேன். அவ்வளவு பயம்.

மூன்றாம் நாள் காலை டயப்பரை அவிழ்க்கக் குனிந்தேன். நீலா என் முகத்தையே பார்த்தாள். பிறகு தெளிவாகக் கேட்டாள்.

"வந்தாச்சா?"

முதல் வார்த்தை. அப்பா இல்லை, அம்மா இல்லை. குச்சியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மோதிரம் சாயங்காலம்தான் வந்தது.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. வாய் ஓய்வதில்லை. போன மாதம் சிறுநீரகக் கல்லோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள், தானே வந்துவிடும் என்றார்கள். வலியில் சுருண்டு கிடந்த என் பக்கத்தில் நீலா ஸ்கூல் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள். என் மோதிரத்தைத் தன் கட்டைவிரலில் போட்டு உருட்டிக்கொண்டே, அரை மணிக்கொரு தரம் கேட்டாள்.

"அப்பா, வந்தாச்சா?"

வள்ளி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத்தான் ஒரு வார்த்தை பேச வரவில்லை.