விலாவுக்கு மூன்று மிதி

“ஒரு தரம், ரெண்டு தரம்” என்று கூவிவிட்டு மூன்றாம் தரத்துக்கு மூச்சை இழுத்தபோதுதான் மலைச்சாமியின் இடது விலாவில் சுருக்கென்று குத்தியது. இழுத்த மூச்சு பாதி வழியில் நின்றுவிட்டது. முக்காலிமேல் வாயைத் திறந்தபடி அவர் நிற்க, கீழே வெங்காயக் குவியலைச் சுற்றி நின்ற வியாபாரிகள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“மூணாந்தரம் சொல்லப்பா. அங்கன என்ன, காக்காயா எண்ணுற?” என்றார் கன்னிவாடி வியாபாரி ஒருவர்.

சொல்ல முடியவில்லை. சொல்லாததால் ஏலம் முடியவில்லை. முடியாததால் பின்னால் நின்ற இன்னொருவர் விலையை ஏற்றிக் கேட்டார். எனக்கு விழுந்த சரக்கை நீ எப்படிக் கேட்கலாம் என்று கன்னிவாடிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். விழவே இல்லையே என்றார் மற்றவர். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வெங்காயத்தின் மேல் ஏறி நின்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஏலே, எறங்குங்கடா” என்று அதட்ட மலைச்சாமி வாயைத் திறந்தார். இருமல் வந்தது. இருமலோடு இன்னொரு குத்து. முக்காலியை விட்டு இறங்கி, விலாவைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

நயா பைசா வந்த வருஷம் அது. ஊரையே பாயில் போட்ட விஷக்காய்ச்சல் மலைச்சாமியையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தது. போகும்போது காய்ச்சலை எடுத்துக்கொண்டு இருமலை மட்டும் விட்டுவிட்டுப் போனது. நாற்பது நாள் இருமினார். வெங்காயச் சருகின் தூசியில் இருமினார், வீட்டில் இருமினார், இருமலைத் திட்டுவதற்காக வாயைத் திறந்து அதற்கும் இருமினார். இப்போது இருமல் ஓய்கிற நேரத்தில் விலா பிடித்துக்கொண்டது. திண்டுக்கல் பேட்டையில் அவருக்குப் பிழைப்பே தொண்டைதான். சத்தம் போட்டால் கூலி, போடாவிட்டால் வீடு.

மண்டி முதலாளி முத்துச்சாமி கணக்கு மேஜையை விட்டு எழுந்து வந்தார்.

“மலைச்சாமி, நாளைக்கழிச்சு வியாழக்கெழம. ரெட்டியார்சத்திரம் பக்கத்து வரத்து பூராம் வருது. மூணாந்தரம் சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணும்.”

“சொல்லிருவேன் மொதலாளி.”

“இல்லேன்னா கருப்பணன முக்காலியில ஏத்திருவேன். அவன் ஏறுனா அப்பறம் அவன்தான்.”

தராசடியில் நின்ற கருப்பணன் இடுப்பில் கை வைத்தபடி இந்தப் பக்கம் திரும்பினான். “எனக்கும் ரெண்டு நாளா இடுப்பு பிடிச்சுக்கிட்டு நிமிரவிட மாட்டேங்குது மொதலாளி. அது மட்டும் விட்டுச்சுன்னா நாளக்கே ஏறிருவேன்” என்றான்.

மலைச்சாமிக்கு அந்த ஒரு வார்த்தைதான் அன்றைய ஆறுதல். எடைக்கல்லைக் குனிந்து எடுக்க ஆள் வைத்திருக்கிறவன் முக்காலியில் எங்கே ஏறுவது?

வீட்டுக்கு வந்தவரைக் கண்ணம்மாள் மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏன் மூச்சு விடாம உக்காந்திருக்கீக?”

“விட்டா வலிக்குது.”

“அப்ப விடாதீக.”

மலைச்சாமிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்படவும் மூச்சு வேண்டுமே. இருபது வருஷமாகப் பெண்டாட்டியை ஒரே அதட்டலில் அடக்கியவர், இப்போது அவள் சொல்வதையெல்லாம் பல்லைக் கடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் நாற்பது நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை நிதானமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே உப்பை வறுத்துத் துணியில் முடிந்தாள்.

பேச்சு சுவாரஸ்யத்தில் உப்பு கூடுதலாக வறுபட்டுவிட்டது. விலாவில் வைத்ததும் மலைச்சாமி அலறினார், அலறியதில் இருமினார், இருமியதில் மறுபடி குத்தியது. துணியை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து கொப்புளம் போட்டிருந்தது.

“கொலகாரி” என்றார் சன்னமாக. அதற்கு மேல் சொல்ல மூச்சு இல்லை.

மறுநாள் காலை கம்பவுண்டர் ஞானராஜிடம் போனார். ஞானராஜ் விலாவை ஒவ்வொரு எலும்பாக அழுத்தி, “இங்கயா? இங்கயா?” என்று கேட்டார். எங்கே அழுத்தினாலும் அங்கேதான் வலித்தது.

“எலும்பு முறியல. இருமி இருமி எலும்புக்கு நடுவுல இருக்க சதை புண்ணாயிருக்கு. ரெண்டு வாரம் சத்தம் போடாம, கோவப்படாம இருந்தீங்கன்னா தானா ஆறிடும்” என்றார்.

“ரெண்டு வாரம் கோவப்படாமயா? என்னய என்ன பொணம்னு நெனச்சீரா?” என்று மலைச்சாமி கோபப்பட்டார். குத்தியது.

கொப்புளத்தைப் பார்க்காமலே ஞானராஜ் ஒரு பிளாஸ்திரியை எடுத்து முதுகிலிருந்து மார்புவரை இறுக்கி ஒட்டினார். தெருவைத் தாண்டுவதற்குள் கொப்புளம் எரிய ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து கண்ணம்மாளைப் பிய்க்கச் சொன்னார். பதமாகப் பிய்க்கத்தான் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். பிளாஸ்திரியோடு மார்பு முடியும் கொப்புளமும் போய்ச் சேர்ந்தன.

அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, “இது வாயு. பூண்டப் பால்ல போட்டுக் காச்சிக் குடிச்சா எறங்கிரும்” என்றாள். குடித்தார். வாயு இறங்கவில்லை. விக்கல் ஏறியது. ஒரு விக்கலுக்கு ஒரு குத்து. தண்ணீர் குடித்துப் பார்த்தார், சர்க்கரை தின்று பார்த்தார். பிற்பகல் வரைக்கும் மலைச்சாமி விக்கலும் குத்தலுமாக, உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் மனசுக்குள் வைது தீர்த்தார். பக்கத்து வீட்டுக்காரியின் பசுமாட்டைக்கூட விடவில்லை.

விக்கல் நின்றதும் கண்ணம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“ஏங்க, இது சும்மா வலியில்ல, பிடிப்பு. கால்வழிப் பொறந்தவுக மூணு மிதி மிதிச்சா விட்ரும்.”

மலைச்சாமி அவளை முறைத்தார். சுற்று வட்டாரத்தில் தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து, கால் வழியாகப் பிறந்தவன் ஒருத்தன்தான். அவன் கருப்பணன்.

கருப்பணன் அவருக்குப் பெரியப்பா மகன். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறைகளில் பிறந்தவர்கள். கருப்பணன் அரை நாழிகை மூத்தவன். மருத்துவச்சி இன்னாசியம்மாள் அந்த அறைக்கும் இந்த அறைக்குமாக ஓடினாள். மலைச்சாமியின் அப்பா அன்றைக்குப் பார்த்து வத்தலக்குண்டுச் சந்தைக்குப் போயிருந்தார். பிறந்த பிள்ளைகளில் ஒன்று கால் வழியாக வந்தது, அது என் பிள்ளை என்று வாசலுக்கு வந்து ஊருக்குச் சொன்னவர் பெரியப்பாதான். மலைச்சாமியின் தாய் அந்த வாரமே கண்ணை மூடிவிட்டாள். இன்னாசியம்மாளும் மகளோடு மலையேறிக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து கருப்பணனுக்கு ராஜ மரியாதை. இடுப்பு பிடித்தவன், கழுத்து சுளுக்கியவன், முதுகு திரும்பாதவன் எல்லாரும் வெற்றிலை பாக்கோடு வந்து அவன் காலடியில் படுப்பார்கள். இடது காலால் மூன்று மிதி. பாதிப் பேருக்குப் பிடிப்பு விட்டுப்போகும். மீதிப் பேர் மிதிபட்ட வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை.

சின்ன வயதில் அவர்கள் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். பெரியப்பா செத்துக் கருமாதி நடந்த அன்றைக்குத்தான் கருப்பணன் வீண் வம்பு ஒன்றை ஆரம்பித்தான். மலைச்சாமி அவனை ஓர் எத்து எத்தினார். அதற்குப் பிறகு பதினொரு வருஷத்தில் ஏழெட்டு உதை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வலிய வந்து வாயைக் கிளறுவது அவன். உதை வாங்கினால் திருப்பி அடிப்பானா என்றால் அதுவும் இல்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தபடி போய்விடுவான். உதைத்தவர்தான் வயிறெரிந்து மூன்று நாளைக்குச் சோறு இறங்காமல் கிடப்பார்.

“அவங் காலுல போயி நான் விழவா?” என்றார் மலைச்சாமி.

“விழ வேணாம். படுத்தாப் போதும்” என்றாள் கண்ணம்மாள். “விடிஞ்சா வியாழக்கெழம. முக்காலி போச்சுன்னா நாளப்பின்ன நீங்க மூட்ட தூக்கணும். இந்த விலாவ வச்சுக்கிட்டு அதயும் தூக்க முடியாது. யோசிச்சுக்கங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் வெற்றிலை பாக்கை மடியில் கட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் பல்லை நறநறவென்று கடித்தபடி, நாலு தெரு தாண்டிக் கருப்பணன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

கருப்பணன் முற்றத்தில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, முக்கால்வாசி வளைந்து நின்றான். அவன் பெண்டாட்டி சிவனம்மாள் சுளகில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“யாரு, மலைச்சாமியா? என்ன இம்புட்டு தூரம்?”

“விலா பிடிச்சிருக்கு.”

“அதுக்கு?”

“மிதிக்கணும்.”

“யாரு மிதிக்கணும்?”

“நீதான்.”

“நீதான்னா? பேரு, மொற ஒண்ணும் இல்லையாலே?”

பதினொரு வருஷமாக அந்தச் சொல்லை மலைச்சாமி வாயில் வைத்ததில்லை. தொண்டைவரை வந்ததை இரண்டு தடவை விழுங்கினார்.

“நீங்கதான் மிதிக்கணும், அண்ணே.”

“செத்த சத்தமாச் சொல்லு. ஏலங் கூவுற தொண்டதான?”

“அண்ணே” என்று கத்தினார். குத்தியது. எதிர்வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் போகவில்லை.

“இந்தக் கூத்து என்னைக்குத்தான் முடியுமோ” என்று சிவனம்மாள் சுளகைப் பார்த்து முணுமுணுத்தாள்.

மலைச்சாமி கட்டாந்தரையில் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். கருப்பணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, இடது காலைத் தூக்கினான்.

“உனக்கே இடுப்பு இப்பிடி இருக்கே. உன்னால மிதிக்க முடியுமா?” என்று கேட்டார் மலைச்சாமி.

“ஊருக்கெல்லாம் மிதிக்கிற காலுதான். தன்ன தானே மிதிச்சுக்க முடியுமா? எங் கஷ்டம் எனக்கு” என்றான் கருப்பணன். சரியாகக் கொப்புளம் பிய்ந்த இடத்தில் முதல் மிதி விழுந்தது.

மலைச்சாமி கண்ணில் நீர் முட்டியது. இரண்டாவது மிதியில் அவருக்கு உயிர் தொண்டைக்கு வந்தது. மூன்றாவதை அவன் வேண்டுமென்றே ஆற அமர மிதித்தான். அப்படித்தான் அவருக்குப் பட்டது. எழுந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். நேற்று ஓர் இடத்தில் இருந்த வலி இன்றைக்கு மூன்று இடத்தில் இருந்தது.

“விடலையே” என்றார்.

“விடாது. மனசுல கள்ளம் இருந்தா எப்பிடி விடும்?” என்று கருப்பணன் அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். “ஒனக்கெல்லாம் எதுக்குடா முக்காலி? மூலையில உக்காந்து சாக்கு தை. அத்துப்போன தொண்ட. அதுல ஏலம் வேற.”

“வார்த்தைய அளந்து பேசு.”

“பேசுனா என்ன செய்வ? ஒங்கப்பனுக்கும் இதே வீறாப்புதான். பிள்ள பொறக்கையில சந்தையில மாடு பாத்துக்கிட்டுத் திரிஞ்ச மனுசன்.”

மலைச்சாமிக்கு விலா மறந்தது. வியாழக்கிழமை மறந்தது. பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்த அத்தனையும், வறுத்த உப்பு, பிளாஸ்திரி, பூண்டுப் பால், அண்ணே என்ற அந்தச் சொல், எல்லாமாகச் சேர்ந்து வலது காலில் இறங்கியது. எழுந்தார். வளைந்து நின்ற இடுப்பைப் பார்த்து வாகாக ஓர் எத்து எத்தினார்.

கருப்பணன் குப்புறப் போய் மிளகாய்ச் சுளகின் மேல் விழுந்தான். எதிர்வீட்டு ஆட்கள் உள்ளே ஓடிவந்தார்கள். இனிமேல் பேட்டைப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று மலைச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. எத்திய வேகத்தில் விலா வேறு பிடுங்கி எடுக்க, உரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

கருப்பணன் எழுந்தான். மூஞ்சியில் ஒட்டியிருந்த மிளகாய் விதையைத் துடைத்தான். இடுப்பை இந்தப் பக்கம் ஒரு தரம் திருகிப் பார்த்தான், அந்தப் பக்கம் ஒரு தரம் திருகிப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சோம்பல் முறித்து, நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நின்றான். அவன் முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

“சிவனம்மா, அந்த முக்காலிய இங்கன எடுத்துப் போடு” என்றான்.

அவள் போட்டாள். அவன் ஒரே தாவில் அதன்மேல் ஏறி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று தெருக்கோடிவரை கேட்கக் கூவிப் பார்த்தான்.

மலைச்சாமி உரலை விடாமல் சிவனம்மாள் பக்கம் திரும்பினார். மூச்சு கிடைத்தவரைக்கும் பேசினார்.

“ஒதச்சவன் எந்திரிக்க முடியாமக் கெடக்கேன். ஒத வாங்குனவன் ஏறி நின்னு ஏலங் கூவுறான். இது எந்த ஊரு நியாயம் மதினி?”

சிதறிக் கிடந்த மிளகாயைப் பொறுக்கிச் சுளகில் போட்டுக்கொண்டிருந்த சிவனம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“கால்வழிப் பொறந்தது எம் மகனில்ல, தம்பி மகன் மலைச்சாமிதான்னு எங்க மாமனாரு சாகுறப்ப இவுக காதுல சொல்லிட்டுப் போனாரு கொழுந்தனாரே; அன்னையிலிருந்து இடுப்பு பிடிக்கிறப்பெல்லாம் இவுக ஒங்ககிட்டத்தான வம்புக்கு வாராக.”