நெஞ்சில் கட்டிய பாராசூட்

"முதுகுல இருக்கறது விரியும்னு நம்பு. ஆனா நெஞ்சுல கட்டியிருக்கறது..."

இதற்கு மேல் வெண்டலுக்கு நினைவு வராது. ஒவ்வொரு குதிப்புக்கும் முன்னால் விமானத்துக்குள் கிழட்டு சார்ஜண்ட் ஹால்வர்சன் கத்திய வார்த்தைகள். மீதியை எஞ்சின் இரைச்சல் விழுங்கியதா, வயது விழுங்கியதா, தெரியவில்லை.

வெண்டல் பட்டாளத்தில் பாராசூட் மடித்தவர். இப்போது மொன்டானாவில் மலைக்கு இந்தப் பக்கம் வீடு. படைவீரர் மருத்துவமனை அந்தப் பக்கம். போன மாதம் விறகு பிளக்கும்போது நெஞ்சை அடைத்தது. மனைவி லோர்னா வண்டியை உள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினாள். வெண்டல் ஒரு கையால் நெஞ்சையும் மறுகையால் ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொண்டார். "நேரா போ. நாடு எனக்குக் குடுத்த இடம் அங்க இருக்கு."

மூன்று மணி நேரம், பனியில். "இந்த முறை வந்து சேர்ந்துட்டீங்க" என்றார் டாக்டர். 'இந்த முறை' என்ற அந்த இரண்டு வார்த்தைகளோடு அதன் பிறகு லோர்னா தூங்கவே இல்லை.

"வயசானவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற மெடிகேர் காப்பீட்டோட ஒரு தனியார் திட்டத்தையும் சேத்துக்கோ வெண்டல். இங்கயே பாத்துக்கலாம்."

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கே படைவீரர் ஆஸ்பத்திரியில என் பேரை அடிச்சுடுவான்."

"மாட்டாங்க. போன் பண்ணியே கேட்டேன்."

"போன்ல வேற என்ன சொல்லுவான்? நாடு குடுத்தது இருக்கறப்ப இன்னொண்ணு வாங்கறது அதுக்கே அவமானம்."

"சரி, திட்டம் இல்லாம இங்க பாத்தா, மெடிகேர் குடுத்தது போக மிச்ச பில்லுக்கு?"

"அதுக்கு வீட்டைத்தான் விக்கணும். அதான் மலையைத் தாண்டிப் போறோம்."

"வீடு இருக்கும். நீ இருப்பியா?"

வெண்டல் நாய்க்குச் சாப்பாடு வைக்கப் போனார். அது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தது. மறுபடியும் சாப்பிட்டது.

திட்டத்தில் சேரக் கடைசி நாள் டிசம்பர் ஏழு. காப்பீட்டு முகவர் ஜெனெல் அன்று மதியம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பேர்ல் ஹார்பர் நினைவு நாளும் அன்றுதான். வெண்டலுக்கு ஒரு யோசனை மின்னியது. உள்ளூர்ப் படைவீரர் சங்கத்தில் தானே சொற்பொழிவாற்றுவதாகப் பெயர் கொடுத்தார். காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவது. அதற்குள் கெடு தாண்டிவிடும்.

"போயிட்டு வா, நல்லா பேசு" என்றாள் லோர்னா. சட்டைக்கு இஸ்திரியும் போட்டுக் கொடுத்தாள். நாற்பது வருட மணவாழ்க்கையில் அந்த இடத்தில்தான் அவர் பயந்திருக்க வேண்டும்.

அன்று விடியலிலிருந்தே பனி. மருத்துவமனைக்குப் போகும் மலைப்பாதையை மூடிவிட்டதாக ரேடியோ சொன்னது. மேடைப் படி ஏறும்போது வெண்டலின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. முன்வரிசையில் லோர்னா! அவள் எப்போது வந்தாள்? அவள் கண் அந்தக் கையிலேயே இருந்தது. வெண்டல் கையை எடுத்து மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

பேசப் பேசத் தெம்பு வந்தது. "நெஞ்சுல ரிசர்வ் பாராசூட் இல்லாம குதிக்கறவன் வீரன் இல்ல. முட்டாள்!"

கைதட்டல். லோர்னா கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம், சார். ரிசர்வைக் கட்டிக்கிட்டா முதுகுல இருக்கறதைக் கழட்டிடுவாங்களா?"

கூடமே சிரித்தது. வெண்டலும் சிரித்தார். "எந்தக் கிறுக்கன் அப்படிச் சொன்னான்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்தான். ரிசர்வ் வாங்கினா முதல் பாராசூட்டுக்கு அவமானம்னு வேற சொல்றார்."

"அவமானமா? எங்க ஹால்வர்சன் கத்துவார்: முதுகுல இருக்கறது விரியும்னு நம்பு. ஆனா நெஞ்சுல கட்டியிருக்கறது அதை அவமானப்படுத்தாது!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. இத்தனை வருடம் வராத மீதி வந்துவிட்டது. அதுவும் மைக்கில்.

"அந்தக் கிறுக்கன் பேரைச் சொல்லட்டுமா?" என்றாள் லோர்னா.

வெண்டல் மைக்கைப் பொத்தினார். "சதிகாரி! ஜெனெல் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருப்பா, பாவம்."

"அவ பின்வரிசையில பான்கேக் சாப்பிட்டுக்கிட்டிருக்கா. வீட்டுக்கு வேண்டாம், இங்க வான்னு நேத்தே அவகிட்ட சொல்லிட்டேன். நான் காலையில உன் வண்டியிலதான் வந்தேன். நீ ஒத்திகை பாத்துக்கிட்டே ஓட்டினதுல, பின்சீட்டுல நான் இருந்ததைக்கூட கவனிக்கல."

வெண்டல் மேடையிலிருந்து இறங்கி, பின்வரிசைக்குப் போய், ஜெனெலிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.