மலாவியில் பதினோரு நாள்

மனிதர்களில் ‘போய் வந்தவர்’ என்று ஓர் இனம் உண்டு. ஏதோ ஓர் ஊருக்கு, ஏதோ ஒரு காரணத்துக்காக, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை போயிருப்பார். அவ்வளவுதான். உடம்பு திரும்பி வந்துவிடும். பேச்சு மட்டும் அங்கேயே தங்கிவிடும். மகள் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போய் வந்தவர், மாநாட்டுக்காக டெல்லி போய் வந்தவர், மாமனாரோடு காசிக்குப் போய் வந்தவர் என்று இதில் உட்பிரிவுகள் ஏராளம். உங்கள் தெருவிலேயே குறைந்தது இரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் தர்மபுரியிலிருந்து அரூர் போகும் பஸ்ஸில் ஏறி எங்கள் பொறியியல் கல்லூரி வாசலில் இறங்க வேண்டும். அங்கே மின்னியல் துறையில் முனைவர் தமிழ்மணி என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். மலாவி போய் வந்தவர்.

மலாவி எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. கேட்காமலே சொல்லப்படும். ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், நீளமான ஓர் ஏரியை ஒட்டிக்கொண்டிருக்கும் நாடு. அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும், ஜெர்மனியில் ஓர் ஆய்வு நிறுவனமும், எங்கள் கல்லூரியும் சேர்ந்து ஒரு கூட்டு ஆராய்ச்சித் திட்டம் தொடங்கின. மின்சாரம் எட்டாத ஊர்களுக்குச் சூரிய மின்சாரத்தைக் கொண்டு போவது, அதைப் பழுது பார்க்க அந்தந்த ஊர்க்காரர்களையே பயிற்றுவிப்பது. நல்ல திட்டம். கேலி செய்ய அதில் ஒன்றுமில்லை. அதன் ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்பட்டவர்தான் நமது விஷயம்.

அவர் அங்கே இருந்தது பதினோரு நாள். நான் கல்லூரி நூலகர். அவருடைய பயண அறிக்கையை அட்டை போட்டு அடுக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு நாள் விமானத்திலும் விமான நிலையங்களிலும், ஐந்து நாள் குளிரூட்டிய கூட்ட அரங்கில், இரண்டு நாள் வயிறு சரியில்லாமல் ஓட்டல் அறையில், ஒரு நாள் ஏரியைப் பார்த்தபடி. மிச்சமிருந்த ஒரு நாள், காலை பத்து மணியிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும், கிராமம். அந்த இரண்டரை மணி நேரத்தில் பெற்ற ஞானத்தைத்தான் அவர் மூன்று வருடமாக எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வகுப்பறையில் மின்விசிறி ஓடவில்லை என்று மாணவர்கள் சொன்னால், மலாவியில் மரத்தடியில் வகுப்பு நடக்கிறது என்பார். கேன்டீன் சாம்பாரில் பருப்பு இல்லை என்றால், மலாவியில் சாம்பாரே இல்லை என்பார். ஒரு நாள் விடுப்புக் கேட்டுப் போனால், மலாவியில் ஓர் ஆசிரியர் ஏழு மைல் நடந்து பள்ளிக்கு வருகிறார் என்ற செய்தியோடு திரும்பி வருவீர்கள், விடுப்பு இல்லாமல். எங்கள் துறைத் தலைவரின் அப்பா எழுபத்தாறு வயதில் காலமானபோது துக்கம் கேட்கப் போயிருந்தோம். தமிழ்மணி துறைத் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மலாவியில் சராசரி ஆயுள் எவ்வளவு தெரியுமா என்று கேட்டார். துறைத் தலைவர் அழுகையை நிறுத்திவிட்டார். ஆறுதல் சொல்லும் முறைகளில் அதுவும் ஒன்று.

இதெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகக்கூடியவைதான். குள்ளம்மாளுக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

இண்டூரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் குள்ளம்மாளும் அவர் கணவர் சவுரியப்பனும் அரை ஏக்கர் நிலத்தில் தக்காளி வைத்திருக்கிறார்கள். கிணறு உண்டு, மின் இணைப்பு இல்லை. விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குத் திட்டத்தின் பேரில் சோலார் மோட்டார் போட்டுக் கொடுத்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து அது ஒழுங்காகத் தண்ணீர் இறைத்தது. நவம்பரில் திட்டத்தை மேற்பார்வையிட வெளிநாட்டுக் குழு வரப்போகிறது என்றதும், தமிழ்மணி பேனல்களுக்கு முன்னால் பன்னிரண்டடி உயரத்துக்கு ஓர் இரும்புப் பலகை நட்டார். மூன்று நாட்டுக் கொடிகள், மூன்று நிறுவனச் சின்னங்கள், எல்லாவற்றுக்கும் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, அவருடைய படம். குழு வந்தது, கைதட்டியது, போனது. பலகை நின்றது. மோட்டார் மெல்ல மெல்லச் சோர்ந்துபோனது. தை பிறந்தபோது கிணற்றில் தண்ணீர் இருந்தது, குழாயில் வரவில்லை. செடியெல்லாம் பூ வைத்திருந்த நேரம்.

குள்ளம்மாள் இரண்டு தடவை பஸ் மாறிக் கல்லூரிக்கு வந்து சொன்னார். இரண்டு தடவையும், மலாவியில் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறார்கள், ஆனாலும் முகத்தில் சிரிப்பு மாறாது என்று தெரிந்துகொண்டு திரும்பினார். இரண்டாவது தடவை போகும்போது நூலக வாசலில் என்னைப் பார்த்து, “அந்த ஊரு பொம்பளைங்க தக்காளி வெச்சிருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்” என்றார்.

கேட்டுச் சொல்ல ஆளே வந்துவிட்டது. பயிற்சிப் பரிமாற்றத்தில் ஆறு வாரம் தங்குவதற்கு மலாவியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். பெயர் முவிசா. முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் ஊர்ப் பக்கத்தில் நாற்பது சோலார் பம்புகளைப் பராமரிப்பவர்.

அசல் மலாவி வந்து எதிரே உட்கார்ந்தால் போய் வந்தவர் என்ன செய்வார்? அடங்கிவிடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வரவேற்புக் கூட்டத்தில் தமிழ்மணி நாற்பது நிமிடம் மலாவியின் நிலவியல், பொருளாதாரம், மக்களின் மனநிலை ஆகியவற்றை விளக்கினார். முவிசாவுக்கு விளக்கினார். முவிசா ஒரே ஒரு இடத்தில், அந்த ஏரி எங்கள் ஊருக்கு மேற்கே இல்லை, கிழக்கே என்றார். தமிழ்மணி அன்போடு தலையசைத்து, உள்ளூர்க்காரர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் இருப்பதாகச் சொன்னார்.

ஆப்பிரிக்கர்களுக்கு நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதும் அவருடைய முடிவு. ஒரு வாரம் முவிசாவுக்கு மூன்று வேளையும் ரொட்டியும் நூடுல்ஸும் போயின. எட்டாம் நாள், ஆய்வகப் பொறுப்பாளர் மலர்விழி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது முவிசா எட்டிப் பார்த்தார். கேழ்வரகுக் களி. அவர் ஊரிலும் கிட்டத்தட்ட அதேதான், அதே மாவில் கிண்டுவதும் உண்டாம். இரண்டு உருண்டையில் ஒன்று அவருக்குப் போனது. மறுநாளிலிருந்து மலர்விழி நான்கு உருண்டை கொண்டு வந்தார். தமிழ்மணியின் பரிமாற்றத் திட்டத்தில் முதன்முதலாக ஏதாவது பரிமாறப்பட்டது அன்றைக்குத்தான்.

மலர்விழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரூர்க்காரர், பட்டயப் படிப்பு, பன்னிரண்டு வருடமாக அதே ஆய்வகம். வேலை மட்டும் வருடா வருடம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை. புதுப்பிக்கும் தாளில் முதல் கையெழுத்து தமிழ்மணியுடையது.

மூன்றாவது வாரம் தமிழ்மணி, முவிசா, மலர்விழி என்று எல்லோரும் இண்டூருக்குப் போனோம். படம் எடுக்கத் தெரியும் என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்ன குற்றத்துக்காக என்னையும் வேனில் ஏற்றியிருந்தார்கள். உச்சி வெயில் நேரம். முவிசா கருவி எதையும் எடுக்கவில்லை. பேனல் வரிசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார், கீழ்வரிசையில் விழுந்திருந்த நிழலைப் பார்த்தார், நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். முடிந்தது. இந்த மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது, பலகையின் நிழல் நேராகப் பேனல் மேல் விழுகிறது, ஒரு வரிசை நிழலில் மாட்டினால் மொத்தமும் சோர்ந்துவிடும், பலகையை எடுங்கள், தண்ணீர் வரும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இதை அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார்.

தமிழ்மணி குள்ளம்மாள் பக்கம் திரும்பினார். போர்டு ரொம்ப அருமையாக இருக்கிறது, தங்கள் நாட்டிலும் இதே மாதிரி வைக்க வேண்டும் என்று மேடம் சொல்வதாகச் சொன்னார்.

குள்ளம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது உள்ளங்கை நிறையக் கருகி உதிர்ந்த தக்காளிப் பூ. அதை முவிசாவிடம் நீட்டினார். என்ன இது என்று முவிசா கேட்டார். தமிழ்மணி ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. விருந்தினரைப் பூ கொடுத்து வரவேற்பது எங்கள் மாவட்டத்து மரபு என்றார்.

நான் படம் எடுப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தேன். எனக்கும் ஆங்கிலம் தெரியும். பார்த்ததையும் கேட்டதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னது மலர்விழி.

“அக்கா, அவுங்க அப்படிச் சொல்லலீங்க. இந்தப் போர்டு நெழலு பேனல் மேல வுழுவுதாம். அதனாலதான் மோட்டார் இழுக்கலையாம். போர்டை எடுத்துட்டா தண்ணி வந்துருமாம்.”

பிறகு முவிசாவிடம் திரும்பி, அது வரவேற்புப் பூ இல்லை, தண்ணீர் இல்லாமல் உதிர்ந்த பூ என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த மாதம் புதுப்பிக்கும் தாள் மேசைக்கு வரும் என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

தமிழ்மணியின் முகம் சிவந்தது. “மலர்விழி, மலாவியில எல்லாம்...” என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தில் முவிசாவுக்குப் புரிந்த ஒரே சொல் அவர் நாட்டின் பெயர். மலாவியில் என்ன, என்று அவர் ஆர்வமாகக் கேட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, மலாவியில் என்ன என்பது தமிழ்மணிக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அவர் சும்மா விடவில்லை. வெள்ளிக்கிழமை வீடியோ கூட்டம் இருக்கிறது, ஜெர்மனிக்காரர்கள் பலகையைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் யோசிக்கலாம், அது வரைக்கும் கல்லூரிச் சொத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்றார்.

“வெள்ளிக்கெழம வரைக்கும் செடி நிக்காதுங்க” என்றார் குள்ளம்மாள். கோபமில்லாமல், மணி சொல்வது மாதிரி சொன்னார். சவுரியப்பன் கடப்பாரையோடு வந்தார். தமிழ்மணி விதிமுறைகளை விளக்கிக்கொண்டே இருந்தார். சவுரியப்பன் ஒவ்வொரு விதிக்கும் ஆமாங்க, ஆமாங்க என்று மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே தோண்டினார். பலகை மூன்று கொடிகளோடு படுத்தது. குழாய் இரண்டு தடவை இருமியது, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கியது, பிறகு முழங்கை கனத்துக்குத் தண்ணீர். குள்ளம்மாள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடை திறக்க ஓடினார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தமிழ்மணி ‘நிழலின் தாக்கம்: ஒரு கள ஆய்வு’ என்ற தலைப்பில் பேசினார். நான் எடுத்த படங்களோடுதான். பாராட்டினார்கள். மலர்விழியின் தாள் மட்டும் அவர் மேசையில் மூன்று வாரம் கிடந்தது. தாள் இல்லாமலே மலர்விழி தினமும் வந்து ஆய்வகத்தைத் திறந்தார். கேட்டால், பூட்டி வைத்தால் பேட்டரி கெட்டுவிடும் என்றார். ஊருக்குக் கிளம்பும் முன் முவிசா எழுதிக் கொடுத்த அறிக்கையில், அடுத்த கட்டப் பயிற்சிக்கு மலாவிக்கு அனுப்ப வேண்டியவர் என்று ஒரே ஒரு பெயர் இருந்தது. வெளிநாட்டு முத்திரை போட்ட தாளில் தன் கல்லூரி ஊழியரின் பெயரைப் பார்த்த முதல்வர், யாருங்க இந்த மலர்விழி என்று விசாரித்தார். பன்னிரண்டு வருடம் கழித்து விசாரித்தார். ஆனாலும் ஒப்பந்தத் தாளில் கையெழுத்து அன்றைக்கே ஆனது.

ஆகஸ்டில் மலர்விழி போய், அங்கே ஓர் ஊரில் மூன்று வாரம் தங்கி, பதினாறு பெண்களுக்கு மோட்டார் பிரித்து மாட்டக் கற்றுக் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் நூலகத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்து, மலாவி எப்படி என்று ஆசையாகக் கேட்டோம்.

“நான் ஒரே ஊருலதான் சார் இருந்தேன். அந்த ஊரு பம்பைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்” என்றார்.

எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு தூரம் போய் வந்து ஒரு நாட்டையே கொண்டு வரத் தெரியாதவரை என்ன செய்வது? தமிழ்மணி பரவாயில்லை. நடுவில் நான்கு நாள் ஜெர்மனி போய் வந்துவிட்டார். இப்போது கேன்டீனில் உட்கார்ந்தால் நமக்கு ஜெர்மனி கிடைக்கிறது.

போகட்டும். நீங்கள் அந்த இனம் இல்லை, நிம்மதியாக இருங்கள். உங்களிடம் பாஸ்போர்ட் கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் இதைப் படித்து முடித்ததில் மலாவியைப் பற்றி உங்களுக்கு இப்போது மூன்று நான்கு விஷயம் தெரியும். எல்லாம் நான் சொன்னவை. நானோ சேலத்தைத் தாண்டியதில்லை. இன்று சாயங்காலம் டீக்கடையில் யாராவது கரன்ட் போய்விட்டது என்று அலுத்துக்கொள்ளும்போது, உங்கள் வாய் லேசாகத் திறக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.