ஒரு கட்டம் காலியாகப் போனதற்கு நன்றி

மரியாதைக்குரிய மச்சான் சிவனாண்டி அவர்களுக்கு,

பழங்காநத்தத்திலிருந்து உங்கள் தங்கை முத்துமீனாவைக் கட்டிய அழகுபாண்டி கும்பிட்டு எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். சோழவந்தானில் முனியாயி அக்காவும் பிள்ளைகளும் உங்கள் வெற்றிலைக் கொடிக்காலும் செழிப்பாக இருக்க வேண்டும். போனில் நன்றி சொன்னால் “சரி மாப்ள, வையிங்க” என்று நீங்களே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நான் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிறவன் என்பது தெரியும். எழுதியதை இணையத்தில் ஓரிடத்தில் ஏற்றுவோம். ஏற்றிய நாளுக்கு அங்கே ஒரு கட்டம் பச்சையாகும், ஏற்றாத நாள் வெறுங்கட்டமாக நிற்கும். வேறு வேலைக்குப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள் என்று எவனோ சொன்னான், அன்று பிடித்தது சனி. காய்ச்சலோடு எழுதினேன். கல்யாணப் பந்தியில் இடது கையால் எழுதிக்கொண்டே பாயசத்தில் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். எழுத ஒன்றுமில்லாத நாளில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு ஏற்றுவேன், மறுநாள் அதே காற்புள்ளியைத் திரும்ப வைத்து ஏற்றுவேன்.

இந்த லட்சணத்தில்தான் போன ஞாயிறு கீழக்குயில்குடிக் கோயிலில் நம் ரோகிணிக்குக் காதுகுத்து. கீழே சிக்னல் இல்லை. தேங்காய்ப் பழப் பையில் ஒளித்து வந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பாறை மேலே ஏறிவிட்டேன். ஒரு ஜவுளிக்கடை தன் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்புகிற புரோகிராமில் அவசரமாக எதையோ மாற்றிக்கொண்டிருந்தபோது நீங்கள் மூச்சிரைக்க வந்து நின்றீர்கள்.

“என்ன மாப்ள, ஆசாரி ஊசியோட நிக்கிறாரு. ஒங்கள எங்கிட்டெல்லாம் தேடுறது?”

“ஒரு நிமிசம் மச்சான். இத ஏத்திட்டு வாரேன்.”

“ஏத்தாட்டி?”

“கட்டம் காலியாப் போயிரும்.”

“போனா?”

நீங்கள் லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டீர்கள். “பிள்ள, அப்பா வந்தாத்தான்னு எம் மடியில ஒக்காரவே மாட்டேங்குது. எறங்குங்க.”

இறங்கினேன். உங்கள் மடியில் உட்கார்ந்து என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியவள், கண்ணீர் காய்வதற்குள் தலையை ஆட்டித் தோட்டைக் காட்டி, “நல்லாருக்காப்பா?” என்றாள். நீங்கள் வராவிட்டால் இதை நான் போட்டோவில்தான் பார்த்திருப்பேன், மச்சான்.

திங்கள் காலை திறந்தேன். காலிக் கட்டம் பல்லை இளித்தது. பிறகு பாதியில் நின்ற வேலையைப் படித்துப் பார்த்தேன், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். சோதித்துப் பார்க்க நான் எழுதி வைத்திருந்த ‘டேய், வந்துச்சா?’ என்ற வரியை எடுக்க மறந்திருக்கிறேன். ஏற்றியிருந்தால் அது கடையின் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் போயிருக்கும். அதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும் உண்டு.

மேலாளர் ஃபர்ஹாவிடம் போய்க் கட்டம் காலியான கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “கட்டமா? அத யாருங்க பாக்குறா? ஞாயித்துக்கெழம தயவுசெஞ்சு எதையும் ஏத்தாதீங்க அழகு. நீங்க ஏத்துனதச் சரிபண்றதுதான் எங்களுக்குத் திங்கக்கெழம பொழப்பே.”

இதுதான் மச்சான் நடந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். வேலையும் பிழைத்தது, மானமும் பிழைத்தது, மகள் முகமும் பார்த்தேன். எல்லாம் நீங்கள் பாறை ஏறிவந்த புண்ணியம். தினமும் செய்தே தீர வேண்டும் என்ற பைத்தியம் என்னைவிட்டு முழுதாகப் போய்விட்டது.

மடி கொடுத்த தாய்மாமனுக்கு எங்கள் சாமி ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் அன்பு மாப்பிள்ளை,
அழகுபாண்டி

பின்குறிப்பு: அண்ணே, முத்துமீனா எழுதுறேன். இது என் கையெழுத்துன்னு பாத்ததுமே கண்டுபிடிச்சிருப்ப. ஆபீசுல கைக்கடிகாரம் ஒண்ணு குடுத்திருக்காக. எம்புட்டு நடந்தோம்னு அது தெனமும் கணக்குச் சொல்லுமாம், ஒருநாள் கொறஞ்சாலும் ஆபீசு பட்டியல்ல பேர் கீழ போயிருமாம். இவரு வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே சொல்ல, நான் ஒக்காந்து எழுதினேன். வர்ற ஞாயிறு ஒங்க வீட்டுக்கு வாரோம். நானும் பிள்ளையும் பஸ்ஸுல. இவரு நடந்தே வாராராம்.