கோட்டைச்சுவருக்கு வந்த விசா

"சந்தேகமே வேணாம் பால்சாமி. இந்தியாவுக்கே ஆடுவான். இன்னும் மூணே வருசம்."

டீக்கடை பால்சாமி கேட்டது ஒத்தைக் கேள்விதான். உங்க மகன் ரிஃபாய் நெசமாவே அம்புட்டுப் பெரிய பேக்கா பாய், இல்ல நம்மூருப் பயலுக ஊதி விட்டதான்னு. அதுக்குத்தான் கபீர் இந்தப் பதிலச் சொன்னாரு. சொன்ன வேகத்துல கிளாஸ டொக்குனு வச்சாரு. டீ பாதி பெஞ்சுல, பாதி கைலியில.

பந்து வெளையாட்டுல பேக்குன்னா, கோலு விழாம எதிராளிய மறிக்கிறவன். ரிஃபாய் லெப்ட் பேக். வயசு இருவது. பந்தோட எவனாவது வந்தா ஓடிப்போயி, மணல்ல சரட்டுனு சறுக்கி விழுந்து, கடைசி நொடியில தட்டி விடுவான். அவன் விழுந்தா வாலிநோக்கம் ஊரே எந்திரிக்கும். விசிலு பறக்கும். வாட்சப்புல நெருப்புப் பொம்மையா விழும். பஸ் ஸ்டாப்புல பிளெக்ஸ் வேற கட்டிருந்தாங்க. 'வாலிநோக்கத்தின் கோட்டைச்சுவர்'னு போட்டு ரிஃபாய் படம் ஆளுயரத்துக்கு. மத்த பத்துப் பேரும் கீழ தபால்தலை சைஸ்ல.

கபீருக்குப் பந்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. இத மொதல்லயே சொல்லிரணும். பதினாறு வருசம் சவூதியில, தம்மாம்ல ஒரு பெரிய கடையில அட்டைப்பெட்டி அடுக்குனவரு. அவரு போனப்ப மகனுக்குப் பல்லு மொளைக்கல. ஒரேயடியா திரும்பி வந்தப்ப மீசை மொளைச்சிருச்சு. நடுவுல லீவுல வந்த நாளையெல்லாம் கூட்டுனா ஒரு வருசம் தேறாது. வந்த அன்னைக்கு மகன், "உக்காருங்க வாப்பா"ன்னு நாக்காலிய இழுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் போடுற மாதிரி.

ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் அகப்படல. சாப்டியா, சாப்டேன். தூங்குனியா, தூங்குனேன். ஒரு மாசம் கழிச்சு கபீர் வேற வழியில்லாம, "பந்து வெளையாடுவியாமே?"ன்னு கேட்டாரு. அன்னைக்குப் பய முக்கா மணி நேரம் பேசுனான். கபீருக்கு ஒரு வார்த்தை விளங்கல. ஆனா மறுநாளே கிளப்புல போயிச் சேந்தாரு. ஆறே மாசத்துல செயலாளர். ஒரு தடவகூட பந்த ஒதைக்காம செயலாளர் ஆன மொத ஆளு அவருதான்.

நாலு வருசமா அப்பிடித்தான் ஓடுச்சு. இப்ப வந்து நின்னுச்சு ரிஃபாய்க்கு விசா.

பொஞ்சாதி சாலிஹாவோட தம்பி ஹமீது சுல்தான் அனுப்புனது. அதே தம்மாம். கடை பேரு மட்டும் வேற. வேலை அதே பெட்டிதான்.

"எம்மகன் பெட்டி அடுக்க மாட்டான்"னு கபீர் நடுவீட்டுல நின்னு சபதம் போட்டாரு. கேக்க ஆளு இல்ல. சாலிஹா கொல்லையில துணி தொவச்சிக்கிட்டு இருந்தா. அதனால கொல்லைக்குப் போயி இன்னொரு தடவ போட்டாரு.

"சரி, அடுக்க வேணாம். வேற என்ன பண்ணுவான்?"

"ஆடுவான். மெட்ராஸ்ல ஒரு கிளப்புக்கு ஆள் எடுக்குறவரு, முத்துகிருஷ்ணன்னு பேரு. ரிஃபாய் வீடியோவ அனுப்புனேன். வெள்ளிக்கிழம ஏர்வாடி டீமோட பைனலுக்கு நேர்ல வாராரு. பாத்த ஒடனே கையோட கூட்டிட்டுப் போயிருவாரு, பாத்துக்க."

"எந்த வீடியோ? விழுந்து விழுந்து தட்டி விடுவானே, அதுவா?"

"அதேதான். சிங்கம் மாதிரி விழுவான்."

சாலிஹா பக்கெட்டுக்குள்ள கைய விட்டு ஒரு சட்டைய எடுத்தா. கிளப்பு சட்டைக அம்புட்டும் வாராவாரம் அவ தலையிலதான். செயலாளர் பொஞ்சாதின்னா சும்மாவா.

"இங்கன பாருங்க. இது மூணாம் நம்பரு. உங்க சிங்கத்தோடது. எம்புட்டு மண்ணு?"

"ஒழைப்பு புள்ள, ஒழைப்பு!"

"இது அஞ்சாம் நம்பரு. உப்பளத்துல வேலை பாக்குற மாரீஸ்வரன் சட்டை. மண்ணு இருக்கா?"

"இல்ல. அவன் சும்மா நிப்பான்."

"சும்மா நிக்கிறவனுக்கு முதுகு பூரா எப்பிடி வேர்க்கும்? பந்து வார எடத்துக்கு முன்னாடியே போயி நிக்கிறான்ங்க அவன். அதான் விழ வேண்டிய வேலையே இல்ல. நம்ம புள்ள லேட்டாப் போறான். அதான் விழுறான்."

"நீ என்னைக்கு கிரவுண்டுக்கு வந்த?"

"நான் எதுக்கு வரணும்? கிரவுண்டுதான் வாராவாரம் எங்கிட்ட வருதே." சட்டையத் திருப்பிக் காமிச்சா. "இன்னொண்ணு பாருங்க. கறை பூரா எடது இடுப்புல. வலது பக்கம் கடையில வாங்குன மாதிரி இருக்கு. ஏன்? வலது பக்கம் எவனாவது போனா நம்ம புள்ள திரும்ப ஒரு பஸ்ஸு திரும்புற நேரமாகுது. அவன் திரும்பி முடிக்கையில பந்து கோலுக்குள்ள."

கபீருக்குக் கோவம் வந்துச்சு. பதில்தான் வரல. பதில் வராதப்ப அவரு செய்றதச் செஞ்சாரு. சத்தத்தக் கூட்டுனாரு.

"ஊரே கொண்டாடுது! பெத்தவ நீ சட்டையில குத்தம் பாக்குற! நீ பேக்குக்கு உம்மாவா, இல்ல சோப்பு கம்பேனிக்கு ஏஜெண்டா?"

சாலிஹா சட்டையத் திரும்ப பக்கெட்டுல போட்டா. பெறகு கையத் தொடச்சிக்கிட்டு, "சரி. வரட்டும் அந்த சாரு. நானே பிரியாணி ஆக்குறேன். அவரு பாத்துச் சொல்றதுதான் முடிவு. நீங்களும் பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன்"ன்னா.

இருவத்தி ரெண்டு வருசக் குடித்தனத்துல சாலிஹா இம்புட்டு லேசா ஒத்துக்கிட்டது இல்ல. அப்பவாவது கபீர் சுதாரிச்சிருக்கணும். மனுசன் சந்தோசத்துல பால்சாமி கடைக்குப் போயி எல்லாத்துக்கும் டீ சொல்லிட்டாரு.

வெள்ளிக்கிழம. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பெறகு ஆட்டம். உப்பளத்துப் பக்கமிருந்து காத்து பிடுங்குது. முத்துகிருஷ்ணன் வந்தாரு, ஒரு தொப்பி, ஒரு நோட்டு. கபீர் அவரு பக்கத்துலயே நாக்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, "மூணாம் நம்பரு சார், மூணாம் நம்பரு"ன்னு காதுல ஓதிக்கிட்டே இருந்தாரு.

ரிஃபாய்க்கு நேரெதிரா ஏர்வாடிக்கு ரைட் விங் ஆடுனவன், சாலிஹாவோட சொந்தக்காரி நூர் நிஷா மகன். அவன் மொத பந்தையே வாங்கிட்டு நேரா ரிஃபாய்கிட்ட வந்தான். எப்பவும் எல்லாரும் ஓரக் கோட்ட ஒட்டி ஓடுவாங்க. இவன் ஓடல. ரிஃபாயோட வலது பக்கமா உள்ள வெட்டிப் போனான். ரிஃபாய் திரும்புனான். திரும்பி முடிச்சப்ப கோலு.

"காத்து சார்"னாரு கபீர்.

ரெண்டாவது தடவையும் அதே வலது பக்கம். கோலு.

"வெயிலு கண்ணுல அடிக்குது சார்."

"வெயிலு அவனுக்கு முதுகுப் பக்கம்ல இருக்கு"ன்னாரு முத்துகிருஷ்ணன்.

ரிஃபாய் விடல. அதச் சொல்லியே ஆகணும். விழுந்தான், எந்திரிச்சான், ஓடுனான், மறுபடி விழுந்தான். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்ச ஒடனே வாப்பா உக்காந்திருக்க பக்கம் ஒரு பார்வை. மொத ரெண்டு தடவை கபீர் கைதட்டுனாரு. பெறகு கை வரல. கூட்டத்துல விசிலும் நின்னு போச்சு. வெளையாட்டு முடியிறப்ப மூணு கோலு. மாரீஸ்வரன் மட்டும் அங்கன இல்லேன்னா எட்டு ஆகிருக்கும்.

முத்துகிருஷ்ணன் நோட்ட மூடுனாரு. "பையனுக்கு மனசு பெருசு பாய். நல்ல பையன். ஊரு டீமுக்கு ஆடலாம். அதுக்கு மேல..." மிச்சத்த மணலப் பாத்துச் சொன்னாரு. அப்புறம், "ஆமா, அந்த அஞ்சாம் நம்பரு யாரு?"

கூப்டாங்க. மாரீஸ்வரன் வந்து கையக் கட்டி நின்னான்.

"வயசு என்னப்பா?"

"முப்பத்தி மூணு சார்."

"அடடா. ஒரு பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்கப்பா போயிருந்த?"

"இங்கனதான் சார் நின்னேன். யாரும் கேக்கல."

சொல்லிட்டு, நாளைக்கு வெடியக்கால வேலை இருக்குன்னு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

கபீர் கிளம்புறப்ப நூர் நிஷா மகன் ஓடி வந்து சலாம் சொன்னான். நல்ல பய, மரியாதை தெரிஞ்சவன். "பெரியம்மாகிட்ட மறக்காமச் சொல்லிருங்க. அவுக போன்ல சொன்ன மாதிரியே வலது பக்கம் வெட்டுனேன்."

முத்துகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்ட்டாரு. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு. கபீருக்கு ஒரு வாய் எறங்கல.

மறுநாக் காலையில கொல்லைப்பக்கம் போனாரு. சாலிஹா சட்டைகள ஊற வச்சிக்கிட்டு இருந்தா.

"நீதானா?"

"நாந்தான்."

"பெத்த புள்ளைய எதிராளிக்குக் காட்டிக் குடுத்திருக்க. ஒனக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கு. அதான் அவன் சொன்னதச் செஞ்சேன்."

"எவன் சொன்னத?"

"உங்க மகன் சொன்னத."

கபீர் தொவைக்கிற கல்லு மேல உக்காந்துட்டாரு. கல்லு ஈரம். அவருக்குத் தெரியல.

"போன வாரம் இங்கனதான் வந்து நின்னான். 'உம்மா, எனக்கு அம்புட்டு ஆட்டம் வராது. பிளெக்ஸ் இருக்க பஸ் ஸ்டாப்புப் பக்கமே நான் போறதில்ல. ஆனா வாப்பா மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்றது? நூர் நிஷா சாச்சிகிட்ட என் வலது பக்கத்தச் சொல்லிரு. அவரு கண்ணால பாத்துக்கட்டும்'னான்."

"அப்ப அவனே வேணும்னு தோத்திருக்கலாம்ல?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'வாப்பா பாத்துக்கிட்டு இருக்கப்ப எப்பிடி உம்மா வேணும்னு விடுறது? முழுசா ஆடித்தான் தோக்கணும்'னான்."

கபீர் பக்கெட்டுல இருந்து மூணாம் நம்பரு சட்டைய எடுத்து, எடது இடுப்புக் கறையத் தேச்சுப் பாத்தாரு.

"அவன் போயிட்டா நான் யாருகூட பேசுவேன் சாலிஹா?"

"பதினாறு வருசம் நான் யாருகூட பேசுனேன்?"

இதுக்குக் கபீர் சத்தத்தக் கூட்டல. ஆனா அவருகிட்ட கடைசியா ஒரு ஆயுதம் இருந்துச்சு. மெதுவா எந்திரிச்சாரு.

"விசா இருந்தாப் போதுமா? அவன் பாஸ்போட்டு வேணாமா? அது என் கையில இருக்கு."

டிவிக்கு மேல கிளப்பு ஜெயிச்ச கோப்பை ஒண்ணு இருந்துச்சு. அதுக்குள்ளதான் ரெண்டு வாரத்துக்கு முந்தி, விசா வந்த அன்னைக்கே யாருக்கும் தெரியாம போட்டு வச்சிருந்தாரு. போயி கைய விட்டு எடுத்து வந்தாரு. வெற்றியோட விரிச்சாரு.

உள்ள கபீர் இருந்தாரு. இருவத்தி ஏழு வயசு. தலை நெறைய முடி, பயந்த கண்ணு. பக்கத்துக்குப் பக்கம் தம்மாம் முத்திரை. செல்லாதுன்னு மூலை வெட்டுன பழைய பாஸ்போட்டு. அவரோடது.

"எப்ப மாத்துன?"

"நீங்க ஒளிச்ச அன்னைக்கே. அந்தக் கோப்பைய யாரு தொடைக்கிறான்னு நெனச்சீங்க?"

கபீர் அந்தப் போட்டோவையே பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த வயசுல தன்னைய யாராச்சும் போகவேணாம்னு சொன்னாங்களான்னு யோசிச்சாரு. சொன்னா ஒருத்தி. பச்சப்புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு வாசல்ல நின்னு சொன்னா. அவருதான் கேக்கல.

அப்ப வாசல்ல இருந்து ரிஃபாய் சத்தம் குடுத்தான்.

"வாப்பா! ராமநாதபுரம் பஸ்ஸு வந்துருச்சு, வாங்க. தம்மாமுக்குக் கொண்டு போகப் பெட்டி வாங்கணும். எந்தப் பெட்டி தாங்கும்னு உங்களுக்குத்தான தெரியும்!"

"வாரேன்லே"ன்னாரு கபீர். ஈரக் கைலியோட போனாரு.