மெஷினுக்குக் கண்ணாடி போட்ட கதை

அன்பும் மரியாதையும் மிக்க மாமாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக இதைப் படித்து முடித்த பிறகு. நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். போனில் சொன்னால் அப்பா நடுவில் பிடுங்கிக்கொள்வார்.

நீங்கள் எங்கள் கடையில் விட்டுப்போன விமானச் சண்டை வீடியோ கேம் மெஷினில் டியூப் மானிட்டர் மங்கிப்போனதும், "மாப்பிள்ளை குடுத்ததைவிட நல்லதா திருப்பித் தர்றேன்" என்று அப்பா அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தட்டை மானிட்டர் வாங்கினார். சனிக்கிழமை நீங்கள் எடுத்துப்போக வருவதை நினைத்து அவருக்குத் தூக்கமில்லை, எங்களையும் தூங்கவிடவில்லை. முதலில் திரை கறுப்பாகவே இருந்தது. பழைய போர்டின் சிக்னல் புதுத் திரைக்குப் புரியாது என்று மெக்கானிக் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் கார்டைச் சொருகினார். படம் வந்தது, ஆனால் படுத்துக்கொண்டு வந்தது. "ஆடுறவன் கழுத்தைச் சாய்ச்சுக்கட்டுமே" என்றார் அப்பா. மெக்கானிக் திரையை நிமிர்த்தி வைத்தார். பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது, கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் விமானம் இடப்பக்கம் ஓடியது. மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்து, "கண்ணாடி இல்லையே சார். கண்ணாடி போட்டா எல்லாம் நேரா தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார், கத்திவிட்டு, யாருக்கும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போய், மூக்கில் கண்ணாடியோடு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். எழுத்து திரும்பியேதான் இருந்தது. மிகத் தெளிவாகத் திரும்பியிருந்தது.

நான் பின்கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே சாய்வாக ஒரு காலிச் சட்டம். பழைய டியூப் மல்லாந்து கிடந்திருக்கிறது. மேலே மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியில்தான் நாம் படத்தைப் பார்த்திருக்கிறோம். அதற்காகவே போர்டு படத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கண்ணாடி எங்கே என்று கேட்டேன். அப்பாவின் பார்வை அம்மா பக்கம் போனது. அம்மாவுக்குக் கல்யாண நாள் பரிசாகக் கொடுத்திருக்கிறார்!

"ஏங்க, தேடி அலைஞ்சு வாங்கினேன்னு சொன்னீங்களே?"

"தேடித்தான் எடுத்தேன். ரொம்ப உள்ள இருந்துச்சு."

"என் தம்பி சாமானைக் கழட்டி எனக்கே பரிசா?"

ஆனாலும் உங்களுக்காக அம்மா அதைக் கொடுத்துவிட்டார். அப்பா திரையை மல்லாத்தி, மேலே கண்ணாடியை மாட்டினார். எழுத்து நேராகிவிட்டது! சனிக்கிழமை நிம்மதியாக வாருங்கள். அத்தைக்கு என் அன்பு, பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மெக்கானிக் ஓடி வந்தார். கார்டிலேயே படத்தைத் திருப்பும் சுவிட்ச் இருப்பது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்ததாம். யாரையும் கேட்காமல் தட்டிவிட்டார். எழுத்து மறுபடியும் திரும்பிவிட்டது. "அப்ப கண்ணாடியே வேண்டாம்தானே?" என்ற அம்மா, பதிலுக்குக் காத்திராமல் அதைக் கழற்றி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இப்போது படம் நேராகத்தான் இருக்கிறது, பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தால். அப்பா தலையை விட்டுக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடியோடு வீட்டுக்குக் கிளம்பிய அம்மா கடை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்.